மண்டை பேசவில்லை, தம்பி

அன்புள்ள தம்பி,

வருகிற வெள்ளிக்கிழமையோடு ஆறு வருஷம். அன்று ராத்திரி நடந்ததை எழுதப் போவதில்லை. அது உனக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. மேலூர் மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தது வரைக்கும் என்னிடம் இருக்கிறது. இலையில் சேமியா பாயசம் ஊற்றினார்கள். அப்புறம் ஒன்றும் இல்லை. நம் பைக் விழுந்த அந்த வேகத்தடை, 108 வண்டி, நீ ரோட்டில் உட்கார்ந்து என் தலையை மடியில் வைத்திருந்தது எல்லாம் நீ சொல்லி நான் தெரிந்துகொண்டவை.

நேரில் பேசலாம் என்றால் இரண்டாவது வார்த்தையிலேயே எனக்குக் குரல் ஏறிவிடும், நீ எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். அதையும் ஏன் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத வேண்டும் என்று கேட்பாய். போன மாதம் காதுகுத்தில் அத்தனை பேர் முன்னால் நீ சொன்னாயே, "அக்காவைத் தனியா அனுப்ப முடியாது, அவ தலை இன்னும் சரியாகல" என்று. அதற்கான பதிலும் அத்தனை பேர் காதிலும் விழட்டும் என்றுதான்.

ஆனாலும் சிலதை விடுகிறேன். வழக்கைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. நீ விற்ற மனை என்ன விலைக்குப் போனது, யாரிடம் எவ்வளவு கைமாற்று என்பதும் வேண்டாம், படிக்கிறவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில்தான் வந்தது. நமக்கு நடந்தது 2019இல். அந்த இரண்டு நாளும் நீ ஏடிஎம்முக்கும் அடகுக்கடைக்கும் ஓடியதை அம்மா சொல்லியிருக்கிறாள். உன் மனைவியைப் பற்றியும் இங்கே எதுவும் எழுத மாட்டேன். நாலு வருஷம் அவள் கையால் சாப்பிட்டவள் நான்.

என் ஆஸ்பத்திரி ஃபைலை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. கணக்கு எழுதிப் பிழைத்தவள், எண்ணைப் பார்த்தால் கூட்டாமல் இருக்க முடியாது. கண் 1, பேச்சு 2, அசைவு 4. ஆக 7. அடிபட்டவருக்கு நினைவு எந்த அளவு இருக்கிறது என்று பார்க்க கிளாஸ்கோவில் 1974இல் வகுத்த அளவுகோல் அது, முழு மதிப்பெண் 15. ஒன்றுமே அசையாமல் கிடப்பவருக்கும் 3 உண்டு. 8க்குக் கீழே வந்தாலே கடுமையான காயம் என்று வைத்திருக்கிறார்கள், 8ம் அதில் சேர்த்திதான். வலது பக்க மண்டையோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை எடுத்து, வீங்கிய மூளைக்கு இடம் விட்டு, எடுத்த எலும்பு கெடாமல் இருக்க என் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்தார்கள். நாலு மாதம் கழித்துத்தான் அது தன் இடத்துக்குப் போனது.

அந்த நாலு மாதத்தில் ஒரு காலை. இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

ஆடி மாதம். வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் இருக்கும். எலும்பு இல்லாத பக்கம் எங்கேயும் இடிக்கக் கூடாது, எழுந்து நடக்கும்போது தலைக்குக் கவசம் போடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீ உன் ஹெல்மெட்டையே எடுத்து வந்தாய். அம்மாவின் பழைய நூல்சேலையைக் கிழித்து, மடித்து, உள்ளே வைத்துத் தைத்திருந்தாய். நீயேதான், கறுப்பு நூலில், கோணல்மாணலாக. நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். போடுவதற்கு முன்னால், மொட்டைத் தலையில் எலும்பில்லாத இடத்தில் உன் உள்ளங்கையை வைத்தாய். அங்கே தோலுக்கு அடியில் துடிக்கும், கைக்குழந்தையின் உச்சிக்குழி துடிக்குமே, அந்த மாதிரி. உன் கை அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் ஹெல்மெட்டை மெதுவாக இறக்கினாய். கழுத்தில் ட்யூப் போட்ட புண் அப்போதுதான் ஆறிக்கொண்டிருந்தது. வாரை மாட்டும்போது அது புண்ணில் படாமல் இருக்க இரண்டு விரலை நடுவில் விட்டுக்கொண்டாய். டக்கென்று கிளிப் விழுந்தது.

உள்ளே வாடையே இல்லை. மூன்று வருஷம் நீ போட்ட ஹெல்மெட், உன் வியர்வையும் தேங்காயெண்ணெயும் ஊறிக் கிடக்கும். புதுசு வாங்கிவிட்டான் போல என்று நினைத்தேன். எனக்கு மணமே போய்விட்டது என்பது அன்று தெரியாது. அப்புறம்தான் கண்ணாடியில் இடது ஓரமாக ரோடு தேய்த்த கீறலைப் பார்த்தேன். புதுசு இல்லை. அதேதான்.

"இதை அன்னைக்கே எனக்குக் குடுத்திருக்கக் கூடாதாடா?"

குரல் கட்டிப்போய்க் காற்றாகத்தான் வந்தது. உனக்குக் கேட்டது. நீ ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுடா, அடிபட்ட மண்டை பேசுது, மனசுல வச்சுக்காதே" என்றாள். நீ தலையை ஆட்டினாய். என்னைத் தூக்கி நிறுத்தி, இடுப்பில் கை கொடுத்து பாத்ரூம் வரைக்கும் கூட்டிப்போனாய். அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பேச்சை நீ எடுத்ததே இல்லை.

மண்டை பேசவில்லை, தம்பி. நான்தான் பேசினேன்.

அதற்கு முந்தைய வாரங்களில் நான் என்னென்னவோ செய்தேன் என்கிறார்கள். நர்ஸைப் பாட்டி என்று கூப்பிட்டேனாம், மூக்கு ட்யூபைப் பிடுங்கியதால் கையைக் கட்டிலோடு கட்டினார்களாம். கண் விழித்து, பேசிக்கொண்டு இருந்தாலும் எதுவும் மனதில் பதியாத நாட்கள் அவை. அவற்றுக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் இந்த ஒரு கேள்வி எனக்கு முழுசாக ஞாபகம் இருக்கிறது, கேட்பதற்கு முன்னால் வாய்க்குள் வைத்துப் பார்த்தது உட்பட. உனக்கு வலிக்கட்டும் என்றுதான் கேட்டேன். மன்னித்துக்கொள். துணி வைத்துத் தைத்த கையைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டேன்.

ஆனால் கேட்டது தப்பா? மண்டப வாசலில் நீ ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினாய், "பூ நசுங்கிடும், போடா" என்று நான் தள்ளிவிட்டேன் என்கிறாய். நான் அப்படிச் சொல்லக்கூடியவள்தான். இரண்டு முழம் மல்லி, நானே கட்டியது. நம்புகிறேன். என்ன, அந்த வாசல் என்னிடம் இல்லை. நீ சொன்னதைத்தான் என் ஞாபகமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். என் வாழ்க்கையின் அந்த ஒரு ராத்திரிக்கு நீ ஒருவன்தான் சாட்சி, உன்னை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி கிடையாது. அது எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறாயா? பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் சொல்லி 2015 ஜூலையிலிருந்து அமலில் இருந்தது. நாலு வருஷமாக நம் வீட்டில் ஒரே ஒரு ஹெல்மெட். நீ இன்னொன்று வாங்கவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நானும் வாங்கவில்லை. சரி, விடு.

என் கோபத்துக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடலாம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல்தான் வாய்க்கு வரும் வார்த்தையைப் பிடித்து நிறுத்துவது. எனக்கு ரத்தக்கட்டு அங்கேதான். உன் நிச்சயதார்த்தத்தில் சபையில் நான் சொன்னது அந்தக் கணக்கு, அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன். அப்புறம் மாத்திரை. வலிப்பு வராமல் இருக்கக் கொடுத்த லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலை ஏற்றிவிடும். முதல் இரண்டு வருஷம் நான் எறிந்த தட்டுகளில் அதற்கும் பங்கு உண்டு. டாக்டர் மாத்திரையை மாற்றிய மூன்றாவது வாரம் நீயே சொன்னாய், அக்கா பழையபடி ஆகிவிட்டாள் என்று.

மூன்றாவது நான். என்னை மட்டும் நீங்கள் யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. என் பாஸ்புக்கை என்னிடம் கொடு என்று கேட்டேன். "டென்ஷன் ஆகாதே, மாத்திரை போட்டியா?" என்றாய். பாஸ்புக்குக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? ஆறு வருஷமாக இந்த வீட்டில் நான் கோபப்பட்டதே இல்லை, காயம்தான் கோபப்பட்டிருக்கிறது. அப்படியென்றால் நான் உன்னிடம் காட்டிய பாசமும் காயம் காட்டியதுதானா? உன் பையன் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேனே, அது யார்?

நீ எங்கேயோ படித்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்ன கதை எனக்கும் கேட்டது. 1848இல் அமெரிக்காவில் ரயில் பாதை போடும்போது வெடி வெடித்து, ஒரு மீட்டருக்கு மேல் நீளமான இரும்புக் கம்பி கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியே வெளியே போன ஃபினியஸ் கேஜ். பிழைத்துவிட்டான், ஆனால் ஆள் மாறிவிட்டான், பழைய ஆளே இல்லை என்று கூட இருந்தவர்களே சொன்னார்கள். இதுவரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாய். நான் மிச்சத்தையும் படித்தேன். அவன் சிலி நாட்டுக்குப் போய், பல குதிரைகள் பூட்டிய பயணி வண்டியை வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறான். யாருக்கும் தெரியாத ஊர், புதுப் பாதை, பின்னால் ஆட்கள். 1860இல்தான் இறந்தான். அந்தப் பாதியையும் அம்மாவிடம் சொல்.

நான் கேட்பது சிலி இல்லை, காரைக்குடி. பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். ஆடிட்டர் ஆபீஸில் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை வேலை. ஒரு மணிக்கு மேல் என்னால் முடியாது என்று அவரிடமே சொல்லிவிட்டேன். மத்தியானத்துக்கு அப்புறம் ஒரே பில்லை இரண்டு தடவை ஏற்றிவிடுவேன். தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு அது. மிக்சியும் டிவியும் சேர்ந்து ஓடினால் எனக்கு எதிரில் இருப்பவர் பேச்சு கேட்காது. உன் பையன் அழும்போது காதைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்துகிற அத்தையாக இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. அவன் இப்போது என் அறைக்கு வெளியே நின்று மெதுவாகத்தான் கூப்பிடுகிறான். இரண்டு வயசுப் பிள்ளை அப்படி அடங்கிக் கூப்பிடக் கூடாது.

நீ பயப்படுவது எதற்கு என்று தெரியும். போன தையில் காஸ் கசிந்து வீடு முழுக்க நாறியபோது நான் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ மாடியிலிருந்து ஓடிவந்து சிலிண்டரை மூடிவிட்டு, நடுங்கிக்கொண்டே என்னைத் திட்டினாய். மூக்கின் கூரை எலும்பு சல்லடை மாதிரி இருக்கும், மணத்துக்கான நரம்பு இழைகள் அதன் ஓட்டைகள் வழியாகத்தான் மேலே ஏறும். தலை குலுங்கியதில் எனக்கு அவை அறுந்துபோயின, ஆறு வருஷத்துக்கு அப்புறம் இனி வராது. ரசத்தில் புளிப்பு தெரியும், உப்பு தெரியும், பெருங்காயம் தெரியாது. மல்லியும் தெரியாது. அதனால் காரைக்குடியில் காஸே கிடையாது, இண்டக்ஷன் அடுப்புதான். பால் பாக்கெட்டில் மார்க்கரால் தேதி எழுதிவிடுவேன். மாத்திரைக்கு போனில் அலாரம் இருக்கிறது. வலிப்பு வந்து மூன்று வருஷம் தாண்டிவிட்டது. வீட்டுக்காரம்மா கீழேயே இருக்கிறார், உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.

அம்மா உன்னோடு இருக்கட்டும். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று. அந்த ஹெல்மெட்டை நீ இன்னும் போட்டுக்கொண்டு போகிறாய். உள்ளே அம்மாவின் சேலைத் துணியைப் பிரித்த நூல்கூட அப்படியே இருக்கிறது. அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாதுடா. உள்ளே இருக்கிற தெர்மாகோல் மாதிரிப் பொருள் ஒரு தடவை நசுங்கி அடியை வாங்கிக்கொண்டால் அவ்வளவுதான், வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் அடுத்த அடியைத் தாங்காது. செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இரண்டு புதுசு வைத்திருக்கிறேன், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கியது. கறுப்பு உனக்கு. சிவப்பு, பின்னால் யார் உட்கார்ந்தாலும் அவர்களுக்கு, பூ வைத்திருந்தாலும். தளர்வாக இருந்தால் டவுன்ஹால் ரோடு கடையில் மாற்றித் தருவார்கள், பில் கறுப்புக்குள் இருக்கிறது. பழையதைக் குப்பையில் போடாதே, எனக்கு வேண்டும். முதல் ஞாயிறு வராதே, நானே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்கிறேன். அடுத்த ஞாயிறு பையனைக் கூட்டிக்கொண்டு வா, வரும்போது அதையும் கொண்டு வா.

அக்கா