அடிப்பிடித்த பருப்பும் அண்ணன் தம்பியும்

அன்புள்ள மகனுக்கு,

ஸ்தோத்திரம். நீ அனுப்பிய 'கிங் ஜேம்ஸ்' வந்து சேர்ந்தது. பேரைப் பார்த்துவிட்டு, 1611-ல் வந்த அந்த ஆங்கில வேதாகமத்தை யாரோ வாசித்துப் பதிவு பண்ணியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். குக்கரை ஏற்றிவிட்டுப் போட்டேன். அது ஒரு கிறிஸ்தவ ராக் கோஷ்டியின் ஆல்பம்! கிட்டார் கிளம்பிய வேகத்தில் விசில் எத்தனை என்று யார் எண்ணினார்கள்? பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அது உன் கணக்கு.

அப்புறம் முழுசும் கேட்டேன், இரண்டு தரம். சத்தம்தான். ஆனால் வெறும் சத்தம் இல்லை. ரெக்ஸ் கரோல் கிட்டாரில் ஓடும்போது, நம் ஆலயத்துப் பழைய ஆர்கனிஸ்ட் காணிக்கை எடுக்கும் நேரத்தில் விரலை இஷ்டத்துக்கு விடுவாரே, அந்த ஞாபகம் வந்தது. கரோல் 'வொயிட்கிராஸ்' கோஷ்டிக்காரர், டிம் கெய்ன்ஸும் ராபர்ட் ஸ்வீட்டும் 'ஸ்ட்ரைப்பர்' ஆட்கள், பாடுவது ஜிமி பென்னட், இது 1994-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் என்று பேத்தி படித்துச் சொன்னாள். பேர் பெற்றவர்கள் ஒன்று கூடினால் சூப்பர் குரூப் என்பார்களாம்.

ஸ்ட்ரைப்பர் என்றதும் எனக்குக் கை நின்றுவிட்டது. நீ பதினொன்றாம் வகுப்பு படிக்கையில், கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்து கொடுத்த கேசட். குளவி மாதிரி மஞ்சளும் கறுப்பும் கோடு போட்டு நாலு பேர். தலைப்பில் நரகம், பிசாசு என்ற இரண்டு வார்த்தைதான் என் கண்ணில் பட்டது. பிசாசை நரகத்துக்குப் போகச் சொல்கிறார்கள் என்று நீ அழுதுகொண்டே சொன்னாய். நான் கேட்கவில்லை. நாடாவை உருவி அடுப்பில் போட்டேன். இரண்டு நாள் அடுக்களையில் அந்த நாற்றம் போகவில்லை.

அவர்கள் மேடையிலிருந்து கூட்டத்துக்குள் புதிய ஏற்பாடுகளை வீசுவார்கள் என்று அப்போது கேள்விப்பட்டதும் எனக்கு ஆறவில்லை. வேதப்புத்தகத்தைத் தரையில் வைத்தாலே எடுத்து முத்தமிடுகிற வீடு இது. அது இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிட்டேன். அமெரிக்காவிலேயே ஜிம்மி ஸ்வாகர்ட் என்ற பிரசங்கியார் இந்த மாதிரிப் பாட்டைச் சாடிப் புத்தகமே போட்டாராம். ஆனால் ஸ்ட்ரைப்பர் என்ற பேர் ஏசாயா 53:5-லிருந்து வந்தது என்று எனக்கு யார் சொன்னார்கள்? 'அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்.' ஆங்கில வேதத்தை எடுத்துப் பார்த்தேன். தழும்புக்கு 'ஸ்ட்ரைப்ஸ்' என்றுதான் அதில் இருக்கிறது. அதுவும் கிங் ஜேம்ஸ் வேதம்தான். அந்தக் கேசட்டைக் கொளுத்தியது என் தப்பு மக்கா.

இன்னொன்றும் பேத்தி சொன்னாள். ஸ்ட்ரைப்பரில் முன்னால் நின்று பாடிய மைக்கேல், டிரம்ஸ் அடித்த ராபர்ட்டுக்குக் கூடப்பிறந்த தம்பியாம். 1992-ல் தம்பி விலகிப்போக, அடுத்த வருஷம் கோஷ்டியே கலைந்திருக்கிறது. அதற்கு அடுத்த வருஷம் அண்ணன் இந்த ஆல்பத்தில் வேறு ஆட்களோடு உட்கார்ந்து அடிக்கிறார். நான் இரண்டாம் தரம் கேட்டது அந்த டிரம்ஸுக்காகத்தான். என்ன அடி! கோபத்தில் அடித்தாரா, வேலை என்று அடித்தாரா, எனக்கெப்படித் தெரியும்? 2003-ல் அண்ணனும் தம்பியும் மறுபடி ஒரே மேடையில் நின்றுவிட்டார்களாம்.

சரி, இங்கே சேதி. பரணில் உன் டேப் ரெக்கார்டர் கிடந்தது, இறக்கி வைத்திருக்கிறேன். பெல்ட் அறுந்திருக்கிறது. உன் தம்பி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட வருவான், அவனிடம் காட்ட வேண்டும். அதை உள்ளே எப்படிக் கழற்றுவது என்று உனக்குத்தான் தெரியும். மத்தியானம் இரண்டு மணிக்குப் போன் போடு. நான் எடுக்க மாட்டேன். கை ஈரமாயிருக்கிறது, நீ எடு என்று அவனிடம் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
அம்மா