மருதம்பட்டையைச் சுற்றிவர உரிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாலியாற்றங்கரையில் மருத மரங்கள் சில நின்ற நிலையிலேயே பட்டுப்போயிருக்கின்றன. வறட்சி என்று சொல்ல முடியாது, பக்கத்து மரங்கள் பச்சையாகத்தான் நிற்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால், முழங்காலிலிருந்து தலை உயரம்வரை பட்டை சுற்றிவர உரிபட்டிருக்கிறது.

மருதம்பட்டைக் குடிநீர் நெஞ்சுக்கு நல்லதென்று கைபேசியில் வீடியோக்கள் சுற்றுகின்றன. சித்த மருத்துவத்தில் அது இதயத்துக்கான மருந்து என்பது சரிதான். என் ஐயாவும் இந்தப் பக்கத்தில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியாராக இருந்தவர். அவர் பட்டை எடுக்கும் விதமே வேறு. முற்றிய மரமாகப் பார்த்து, ஒரு பக்கத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்தில் நெடுக்காகக் கீறுவார். மேலே சாம்பல் வெள்ளைத் தோல், கீழே சிவந்த சதை. அதோடு கத்தி நின்றுவிடும். மரத்தை ஒட்டிய ஈரப் படையைத் தொடமாட்டார், அது இருந்தால்தான் புதுப்பட்டை மூடிவரும். மூடும்வரை அந்த மரத்தில் யாரையும் கைவைக்க விடமாட்டார், கேட்டு வந்தவர் விதானையாராக இருந்தாலும் சரி.

இலை ஆக்கும் சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிவர உரித்தால் வேர் பட்டினி. பிறகு மழை பெய்தென்ன, குளம் நிரம்பியென்ன?

இன்னொன்று. பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டுப் பட்டை அவித்துக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் அயலில் ஒரு அம்மா அப்படிச் செய்து தலைசுற்றி விழுந்தார். நெஞ்சு நோ என்றால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடிநீர் வேண்டுமென்றால் போடும் குளிசைகளைக் கொண்டுபோய்க் காட்டி, சித்த மருத்துவரிடம் கேளுங்கள்.

மாரி நெற்செய்கையான காலபோகத்துக்கு முன் கமக்காரர் கூட்டம் நடக்கும். வாய்க்காலில் தண்ணீர் விடும் திகதி, வயலிலிருந்து மாடுகளை விலக்கும் திகதி எல்லாம் அங்கேதான் முடிவாகும். ஆற்றங்கரை மருதில் யார் கத்தி வைக்கலாம், சாக்குக் கணக்கில் பட்டை ஏற்ற வரும் வாகனத்தை என்ன செய்வது என்பதையும் அந்தக் கூட்டத்தில் எடுக்க வேண்டும். கரையைப் பிடித்து வைத்திருப்பது இந்த வேர்கள்தான். மாரியில் கரை சரிந்தால் அடுத்துப் போவது எங்கள் வயல்.

சித்த மருத்துவமனைகளும் தங்கள் வளவிலேயே மருதங்கன்றுகள் வளர்த்துக் கொடுக்கலாம். விதைக்குச் செலவில்லை, ஐந்து சிறகுள்ள காய்கள் ஆற்றங்கரையில் தாராளமாக உதிர்கின்றன.

பரியாரியார் மகள்,
துணுக்காய்.