பதிமூன்று பெயர்களுக்கு இடமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் பதிமூன்று பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃபின் வழக்கைப் பற்றிய புத்தகத்துக்கு நீங்கள் வெளியிட்ட மதிப்புரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். அதில் ஒருவர், "ஐந்து வருஷம் போலீஸையே சுற்றலில் விட்டவனின் மூளையை நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது. செத்துப்போன பெண்களின் குடும்பக் கதைகள்தான் இழுவை, குறைத்திருக்கலாம்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கட்டம் கட்டி, சிறந்த கடிதம் என்று பரிசும் அறிவித்திருக்கிறீர்கள். அவர் எழுதியதையாவது மறந்துவிடுவேன். நீங்கள் பரிசு கொடுத்ததுதான் எனக்கு ஆறவே இல்லை.

மூளை என்கிறாரே, எந்த மூளை? சட்கிளிஃப் ஒரு லாரி ஓட்டுநர். அந்த வழக்கு நடந்த காலத்தில் போலீஸார் அவனை ஒன்பது முறை விசாரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டார்கள். 1977-ல் கொலையான ஒரு பெண்ணின் கைப்பையில் கிடைத்த புது ஐந்து பவுண்டு நோட்டை வைத்து, சம்பளப் பணமாக அது போயிருக்கக்கூடிய கம்பெனிகளைத் தேடி, அவன் வேலை பார்த்த கம்பெனி வரைக்கும் வந்தார்கள். அவனிடமே பேசினார்கள். அப்படியும் கோட்டைவிட்டார்கள். 1975-ல் தாக்கப்பட்டுப் பிழைத்த 14 வயதுச் சிறுமி அவன் முகத்தை நன்றாகவே அடையாளம் சொன்னாள். அவள் வழக்கை இந்தக் கொலைகளோடு சேர்க்கவில்லை. செய்தது தான்தான் என்று பல வருஷம் கழித்து அவனே ஒப்புக்கொண்டான். 1979-ல் எவனோ ஒருவன் தான்தான் கொலைகாரன் என்று பேசி அனுப்பிய ஒலிநாடாவை நம்பி, அதில் கேட்ட வட்டாரப் பேச்சு இல்லாதவர்களையெல்லாம் ஒதுக்கினார்கள். சட்கிளிஃபுக்கு அந்தப் பேச்சு இல்லை, தப்பினான். நாடா அனுப்பியவனுக்குத் தண்டனை கிடைத்ததே 2006-ல்தான். தகவல்கள் எல்லாம் அட்டை அட்டையாகக் குவிந்து, ஒரே ஆளைப் பற்றிய அட்டைகள்கூட ஒன்றுசேரவில்லை. கடைசியில் 1981 ஜனவரியில், காரில் போலி நம்பர் பிளேட் இருந்ததால்தான் ஷெஃபீல்டில் மாட்டினான். இதில் பிரமிக்க என்ன இருக்கிறது?

அவன் தப்பித்துக்கொண்டே இருந்ததற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் செத்தவர்களில் சிலர் பாலியல் தொழில் செய்தவர்கள். அதனால் செத்தவர்கள் எல்லோரையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார்கள். 1977-ல் 16 வயதுப் பெண் ஒருத்தி கொல்லப்பட்ட பிறகுதான் ஊரே பதறியது. அவள் 'அப்பாவி' என்றார்கள். அப்படியானால் அவளுக்கு முன்னால் செத்தவர்கள்? 1981-ல் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வழக்கறிஞரே, சிலர் விபசாரிகள், சிலர் அப்படி இல்லை என்பதுதான் இந்த வழக்கின் மிகப் பெரிய சோகம் என்கிற மாதிரிப் பேசினார். போலீஸ் தாங்கள் பயன்படுத்திய சொற்களுக்காக மன்னிப்புக் கேட்டது 2020-ல், அவன் செத்த பிறகு. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் பரிசு கொடுத்தீர்களே என்பதுதான் என் வருத்தம்.

நான் புத்தகத்தில் படித்ததை மட்டும் வைத்துப் பேசவில்லை. என் அக்கா காணாமல் போனபோது, புகார் கொடுக்கப் போன அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வியே "யாரோடயாவது பழக்கம் இருந்ததா?" என்பதுதான். தானே வந்துவிடுவாள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கொலை என்று தெரிந்த பிறகு ஒரு பத்திரிகையிலிருந்து ஆள் வந்து படம் கேட்டார். அம்மா ஆல்பத்திலிருந்து உரித்துக் கொடுத்தாள். திருப்பித் தருகிறேன் என்றவர் தரவில்லை. கட்டுரை வந்தது. அக்காவின் 'நடவடிக்கை' பற்றி அக்கம்பக்கத்தில் யாரோ சொன்னதாக ஒரு பத்தி. கொன்றவனுக்கு இரண்டு பக்கம், அவன் சின்ன வயதில் பட்ட கஷ்டம் உட்பட. அக்கா கணக்கில் கெட்டிக்காரி, வீட்டு வரவுசெலவெல்லாம் அவள் கையில்தான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

அப்புறம், உங்கள் பத்திரிகையும் இதற்கு விலக்கல்ல என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் போட்ட குற்றத் தொடர்களைப் பல வருஷங்களாகப் படித்து வருகிறேன். ஒவ்வொன்றிலும் கொலைகாரனுக்குப் பட்டப்பெயர் உண்டு, ஜாதகம் தவிர மற்ற எல்லாம் உண்டு. செத்த பெண் 'அழகி' என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. இது பற்றி முன்பே எழுதினேன். அந்தக் கடிதம் வெளிவரவில்லை.

குற்றக் கதைகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் படிக்கிறவள்தான். இந்தப் புத்தகம் பிடித்ததற்குக் காரணமே அந்த வாசகர் இழுவை என்று தள்ளிய அத்தியாயங்கள்தான். அந்தப் பெண்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், கடன் இருந்தது, மறுநாள் செய்ய வேலை இருந்தது. இருட்டிய பிறகு வெளியே வராதீர்கள் என்று போலீஸ் சொன்னபோது, நாங்கள் ஏன் அடங்கிக் கிடக்க வேண்டும் என்று 1977-ல் லீட்ஸ் நகரப் பெண்கள் ராத்திரியில் ஊர்வலம் போனார்கள். மதிப்புரையில் இதற்கு ஒரு வரி உண்டா? தாடி வைத்த அவன் முகத்துக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள்.

பரிசைத் திரும்ப வாங்குங்கள் என்று கேட்கவில்லை. கொல்லப்பட்ட 13 பெண்களின் பெயரையும் வயதையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சரிபார்த்து, அடுத்த இதழில் ஒரு ஓரமாகப் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் என் கடிதத்தை விட்டுவிட்டு அந்தப் பட்டியலை மட்டும் போட்டால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி