கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்

கோயம்புத்தூர்,
14.7.2024

அன்புள்ள பழனிசாமி,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. உன் தங்கை மகனின் வலது கையில் மூன்று விரல்கள் தகட்டை அழுத்தி வடிக்கும் பவர் பிரஸ்ஸில் போய்விட்டன என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சற்று நேரம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். நம் சிங்காநல்லூர் லைன் வீட்டுக்கு விடுமுறையில் வந்து பம்பரம் விட்ட பையன் அல்லவா அவன்? அவனுக்கு முப்பது வயதாகிவிட்டது என்பதே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. தங்கச்சியிடம் என் ஆறுதலைச் சொல். அடுத்த மாதம் தென்காசிக்கு நேரிலேயே வருகிறேன்.

அதற்கு முன் ஒன்றை உடனே செய்ய வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாயைக் 'கருணைத் தொகை'யாகத் தருவதாகவும், பெற்றுக்கொண்டு இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதித் தர வேண்டும் என்றும் முதலாளி சொல்லி அனுப்பியதாக எழுதியிருக்கிறாய். அந்தத் தாளில் அவன் கையெழுத்துப் போட வேண்டாம். அவனுக்கு வர வேண்டியது கருணை அன்று, கடன். ஓய்வுக்குப் பின் தொழிற்சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிற இந்த ஆறு ஆண்டுகளில், விபத்தில் இழந்ததைவிட அந்த ஒரு கையெழுத்தில் இழந்தவர்களை நான் அதிகம் பார்த்துவிட்டேன்.

'பையன் கவனமாக இருந்திருக்க வேண்டும்' என்று முதலாளி சொன்னதை உன் தங்கையும் நம்பத் தொடங்கியிருக்கிறாள் என்பதுதான் உன் கடிதத்தில் என்னை அதிகம் வருத்திய வரி. ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. இம்மாதத்தோடு நூறு ஆண்டு நிறைந்துவிட்டது. வேலையின் காரணமாக, வேலையின்போது காயம் ஏற்பட்டதா என்றுதான் அந்தச் சட்டம் கேட்கிறதே தவிர, யார் கவனக்குறைவு என்று கேட்பதில்லை. குடித்திருந்தது, பாதுகாப்புக்கென்று இட்ட ஆணையை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றியது ஆகிய மூன்றும்தான் விலக்கு. அவையும் மரணத்திலோ நிரந்தர முழு ஊனத்திலோ செல்லாது. அவன் வேலை பார்த்த இயந்திரத்தில் கழற்றுவதற்கு ஒரு தடுப்பே இருந்ததில்லை என்கிறாய். காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து ராம் எனும் கனத்த இரும்பு இறங்குகிற பழைய இயந்திரம் அது. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால் மட்டுமே இறங்கும்படி மாற்றிவிட்டால், தகடு வைக்கும் அச்சான டைக்குள் விரல் இருக்கும்போது அது இறங்கவே முடியாது. பன்னிரண்டு மணி நேரம் ஒரே தகட்டை எடுத்து வைத்து மிதிக்கிறவனுடைய கண் ஒரு நொடி தளரும் என்பது இயந்திரம் வாங்கும்போதே தெரிந்த செய்தி. அதை அவன் குற்றமாக எழுதி வைப்பது அநியாயம்.

இனி கணக்கைச் சொல்கிறேன், நிதானமாக ஒருமுறை அவனுக்கும் படித்துக் காட்டு. ஒரு கையில் மூன்று விரல்களை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு என்று சட்டத்தின் முதல் அட்டவணையே சொல்கிறது. நிரந்தர முழு ஊனத்துக்கான தொகை மாதக் கூலியில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்கி வருவது. முப்பது வயதுக்கு அந்தக் காரணி 207.98. அவன் மாதம் 18,000 வாங்கியிருந்தாலும், 2020 ஜனவரியில் மத்திய அரசு உயர்த்திய உச்சவரம்பின்படி 15,000-ஐத்தான் கணக்கில் எடுப்பார்கள். அந்த வரம்பு இன்றைய கூலிக்குப் பொருந்தாத சிறிய தொகை என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தும், 15,000-இல் 60 விழுக்காடான 9,000-ஐ 207.98-ஆல் பெருக்கி, அதில் 30 விழுக்காடு எடுத்தால் 5,61,546 ரூபாய் வருகிறது. மருத்துவச் செலவை இதற்கு மேல் தனியாகத் தர வேண்டும். ஐம்பதாயிரம் என்பது இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

30 விழுக்காட்டோடு நின்றுவிட வேண்டுமா என்பதும் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஒடிசாவில் இடது கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அவருக்கு நூறு விழுக்காடு இழப்பு என்று, இந்தச் சட்டத்தின் கீழ் மனுக்களை விசாரிக்கும் ஆணையர் முடிவு செய்ததை உச்ச நீதிமன்றம் 1975-இல் ஏற்றுக்கொண்டது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், தகுந்த காரணம் இல்லையென்றால் தொகையில் பாதி வரை அபராதமும் சேரும். விபத்து ஜூன் 3-ஆம் தேதி நடந்தது. ஜூலை 3 கடந்துவிட்டது.

ஒருவேளை நான் எழுதுவது வந்து சேர்வதற்குள் அவன் கையெழுத்துப் போட்டிருந்தால், அதற்காக அவனைத் திட்டாதே. உரிமையை விட்டுக் கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் இந்தச் சட்டத்தில் செல்லாது. ஆணையரிடம் பதிவு செய்யாமல் செய்துகொண்ட உடன்பாட்டில் கொடுத்த பணம் எதுவாக இருந்தாலும், முதலாளி முழுத் தொகைக்கும் பொறுப்பாவார். ஆணையர் வேறுவிதமாக ஆணையிட்டாலொழிய, கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் முடியாது.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு ஏன் இல்லை என்று கேட்டிருந்தாய். பத்துப் பேருக்குக் குறைவான பட்டறைக்கு அது பொருந்தாது, இங்கே ஏழு பேர்தான் என்று முதலாளி சொல்கிறார். ஆனால் பக்கத்துக் கொட்டகையில் வேறு பெயர்ப்பலகையோடு ஓடுவதும் அவருடையதே என்று நீயே எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒரே நிறுவனம்தான் என்று நிறுவ முடிந்தால் கதை மாறும். சந்தா கட்டவில்லை என்பது தடையாகாது. இ.எஸ்.ஐ. கழகம் உதவித்தொகையைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. வேலை விபத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது, சேர்ந்த முதல் நாளே உரிமை உண்டு. கை ஆறும் வரை கூலியில் 90 விழுக்காடும், அதன் பின் மருத்துவக் குழு முடிவு செய்யும் விழுக்காட்டுக்கேற்ப ஆயுள் முழுக்க மாத உதவியும் வரும். 18,000 கூலிக்கு 30 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 4,860 ரூபாய், அவன் வேறு வேலைக்குப் போனாலும் நிற்காது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது, இ.எஸ்.ஐ. பொருந்தினால் 1923 சட்டத்தில் கேட்க வழியில்லை. ஆகவே மனு எழுதுவதற்கு முன் அந்த இரண்டு கொட்டகைகளிலும் சேர்த்து எத்தனை பேர் என்பதை அவன் நினைவிலிருந்து பெயர் பெயராக எழுதச் சொல்.

என் அப்பாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் அவர் முப்பது ஆண்டு பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்தார். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சை இறுக்கும், புதன்கிழமைக்குள் சற்றுத் தணியும். இருட்டோடு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் இருமுவது உன் வீடு வரை கேட்கும், உனக்கு நினைவிருக்கும். வாரத்தின் முதல் நாள் வந்து பின் தணிகிற அந்த இறுக்கமே பஞ்சுத் தூசி நோயான பிசினோசிஸின் அடையாளம் என்பதையும், தொழில்நோய்ப் பட்டியலில் அது இருப்பதையும் நான் அறிந்தபோது அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு மருத்துவர்கூட அவரிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்கவில்லை. சீட்டில் ஆஸ்துமா என்றே எழுதினார்கள். அவர் 1991-இல் போனபின் அம்மா கேட்டிருக்கக்கூடிய மாத உதவியை நாங்கள் யாருமே கேட்கவில்லை. விரல் போனால் கண்ணுக்குத் தெரிகிறது. நுரையீரல் போனதை ஒருவர் எழுதி வைத்தால்தான் உண்டு. சங்கத்தில் நான் மனு எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம், உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

உன் தங்கை மகன் விஷயத்தில் எழுதி வைக்க இன்னும் நேரம் இருக்கிறது. மனுவை இரண்டு ஆண்டுக்குள் கொடுக்கலாம். ஆனால் சாட்சி அத்தனை நாள் காத்திருக்காது. உடன் வேலை பார்த்த ஒடிசா பையன்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் திரும்புவார்களோ மாட்டார்களோ, அவர்களுடைய தொலைபேசி எண்ணை இன்றே வாங்கச் சொல். முதலில் கொண்டுபோன அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல், கேட்டு வாங்க வேண்டும். அதில் 'பிரஸ்ஸில் கை மாட்டியது' என்று இருக்கிறதா, 'வீட்டில் தவறி விழுந்தது' என்று யாராவது சொல்லி எழுத வைத்திருக்கிறார்களா என்று பார். சம்பளச் சீட்டு இல்லாவிட்டாலும் சனிக்கிழமைதோறும் செல்பேசியில் கூலி வந்ததற்கான குறுஞ்செய்திகள் இருக்கும், ஒன்றையும் அழிக்கக் கூடாது. வழக்குக்காக அவன் கோவைக்கு அலைய வேண்டியதில்லை, அவன் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமே மனுவைக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது.

டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஏ.ஆர். காப்பியையும் படி எடுத்து இந்த வாரமே எனக்கு அனுப்பு, மூலத்தை யாரிடமும் கொடுக்காதே. மனுவின் வரைவை நான் எழுதி அனுப்புகிறேன். இடது கையால் கையெழுத்துப் போட அவன் பழகிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய், பழகட்டும். அந்த மனுவில் அவன்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

என்றும் உன்,
ராமசாமி