கயிற்றுக்கு அந்தப் பக்கம்

காகிதப்பட்டறை, வேலூர்

அன்புள்ள குள்ளி,

ஊருக்கு வந்து ஐந்து நாளாகிறது. ஆம்பூர் என்ன தூரமா, 50 கிலோமீட்டர், பஸ் ஏறினால் உன் வாசலில் வந்து நிற்கலாம், அப்புறம் எதற்குக் கடிதம் என்று திட்டுவாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரத்தான் போகிறேன். ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது, நேரில் உட்கார்ந்தால் வாயில் வராது. பிள்ளை அழும், உன் மாமியார் காபி கொண்டு வருவார், நான் வேறு எதையாவது பேசிவிட்டுக் கிளம்பிவிடுவேன். அதனால் முதலில் இதைப் படித்துவிடு.

வாட்ஸப்பில் நான் போட்ட, பாறை ஏறுகிற படத்தைப் பார்த்து, "படிக்கப் போனியா, குரங்கு வித்தை கத்துக்கப் போனியா" என்று கேட்டிருந்தாய். இங்கிலாந்தில் அந்த இடத்துக்குப் பெயர் ஸ்டானேஜ். ஷெஃபீல்டிலிருந்து ரயிலில் 20 நிமிஷம் போல, ஹாதர்சேஜ் என்று ஒரு ஊர். அங்கே இறங்கி ஏற்றத்தில் நடந்தால், மலையின் ஓரத்தை அரிவாளால் சீவிவிட்டது போல ஒரு பாறைச் சுவர், கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் நீளத்துக்கு. உயரம் அதிகமில்லை, நல்ல பனைமரம் அளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அக்டோபர் மாதம், சனிக்கிழமை, கல்லூரியின் பாறை ஏறுகிற கிளப்பில் ஒன்பது பேர் போனோம். அவர்கள் ரொட்டி, நான் புளிசோறு.

அந்தக் கல்லுக்குக் கிரிட்ஸ்டோன் என்று பெயர். 30 கோடி வருஷத்துக்கும் முன்னால் பெரிய ஆறு ஒன்று அடித்து வந்து கொட்டிய மணலும் பரலும் இறுகிப் பாறையானது. நம் பாலாற்று மணல் இறுகினாலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு முதலில் ஆற்றில் மணல் மிச்சம் இருக்க வேண்டும், அதை விடு. தொட்டால் புதிதாகக் கொத்திய அம்மி போலச் சொரசொரப்பு. அம்மி என்று சும்மா சொல்லவில்லை. பாறைக்கு அடியில், புல்லுக்குள், பெரிய பெரிய எந்திரக் கற்கள் கிடக்கின்றன. வட்டமாகச் செதுக்கி, நடுவில் துளை போட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வெள்ளை ரொட்டி மோகம் வந்ததும், இந்தக் கல்லில் அரைத்தால் மாவு நிறம் மங்குகிறது என்று பிரான்ஸ் கல்லுக்கு மாறிவிட்டார்களாம். அந்த வட்டாரம் 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. அதன் சின்னமே இந்த எந்திரக் கல்தான். எனக்கோ நம் தெருவில் "அம்மி கொத்தலையோ" என்று வருவாரே, அவர் ஞாபகம். செதுக்கினவர்களுக்குக் கூலி கிடைத்ததா என்று கேட்டேன். கூட வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

இப்போது உனக்குப் பிடித்த சமாசாரம், ஷூ. பகலெல்லாம் ஷூ கம்பெனியில், கால் அச்சின் மேல் தோலை இழுத்துப் பொருத்துகிற லாஸ்டிங் பிரிவில் நிற்கிறவளுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியுமா! கிளப்பில் இரவல் கொடுத்தார்கள். என் அளவு 5, கையில் திணித்தது 4. சாக்ஸ் போடக் கூடாது. விரலெல்லாம் உள்ளே மடங்கிக் கிடக்க வேண்டும். அடியில் கறுப்பு ரப்பர், ஒரு வரிகூட இல்லாமல் வழவழவென்று. வரி இருந்தால்தானே பிடிக்கும் என்று கேட்டேன். வழவழப்பாக இருந்தால்தான் பாறையில் அதிக ரப்பர் படுமாம். நன்றாக ஏறுகிறவர்களின் ஷூ முனை கிளிமூக்கு மாதிரி கீழே வளைந்திருக்கிறது. அந்த லாஸ்டை, அதான் அச்சை, எப்படித்தான் செய்வார்களோ, உருவி எடுப்பதற்குள் உயிர் போய்விடும் போல. குப்பையில் போட வைத்திருந்த ஒரு ஜோடியை உனக்காகக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன்.

ஏறுகிற விதம் இது. அந்தப் பாறையில் ஆணி அடிக்க மாட்டார்கள். முதலில் ஏறுகிறவர் வெடிப்புகளில் கம்பி கோத்த உலோகத் துண்டுகளைச் செருகி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். அந்தத் துண்டுக்கு நட் என்று பெயர். அந்தக் காலத்தில் ரயில் பாதை ஓரம் கிடந்த நிஜ நட்டுகளைப் பொறுக்கி, துளையில் கயிறு கோத்துச் செருகினார்களாம், பெயர் அப்படியே நின்றுவிட்டது. அவர் மேலே போய் உட்கார்ந்து கயிற்றை வாங்கிக்கொண்டே இருக்க, பின்னால் ஏறுகிறவள் நட்டுகளைக் கழற்றிக்கொண்டே போக வேண்டும். எனக்குக் கொடுத்த வழியின் தரம் 'வெரி டிஃபிகல்ட்'. கேட்டதும் கை நடுங்கியது. அப்புறம்தான் தெரிந்தது, அது கற்றுக்குட்டிகளுக்கான தரமாம். ரொம்பக் காலத்துக்கு முன்னால் வைத்த பெயர்; அதற்கு மேல் சிவியர், வெரி சிவியர் என்று போய்க்கொண்டே இருக்கிறது.

முக்கால்வாசி ஏறியிருப்பேன். குளிரில் அந்தக் கல் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்கள், கை வியர்க்காதே. கல் பிடிக்கும், சரி, என் விரல்தான் மரத்துப்போனது. பாறை லேசாக வெளியே தள்ளியிருக்கும் இடத்தில் கால் வழுக்கியது. அந்தக் கயிறு கொஞ்சம் நீண்டு கொடுக்கும். ஓர் அடி இறங்கி, தோள் பாறையில் இடித்து, தொங்கினேன். மேலே கயிறு பிடித்திருந்த பெண்ணை எனக்கு மூன்று வாரமாகத்தான் தெரியும். என் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல வராது. முகம் தெரியவில்லை, காற்றில் குரலும் கேட்கவில்லை. கயிறு மட்டும் விறைப்பாக நின்றது. நான் மூச்சு வாங்கி, மறுபடி கால் வைத்து நகர்கிற வரைக்கும் அது தளரவே இல்லை.

அப்போது உன் ஞாபகம் வந்தது. ஒன்பதாவது படிக்கும்போது, காணும் பொங்கல் அன்றைக்கு, இதோ வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மலை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சரிவில் ஏறினோம். நான் நெட்டை, எட்டிப் பிடித்துத் தாண்டிவிட்டேன். நீ நடுவில் மாட்டிக்கொண்டு, மேலும் போக முடியாமல் கீழும் இறங்க முடியாமல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தாய். "ஆளைக் கூட்டிட்டு வரேன்டி, ஆடாம நில்லு" என்று சொல்லிவிட்டுச் சுற்று வழியில் ஓடி வந்தேன்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. குழாயடியில் சித்தி நின்றிருந்தார், பேசாமல் தாண்டிப் போனேன். மலைக்குப் போனது தெரிந்தால் அம்மா துடைப்பத்தை எடுப்பாள். வீட்டுக்குள் போய்க் கரும்பு கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆமாம், கரும்பு.

ஆடு மேய்க்கிற தாத்தா தானாகத்தான் அந்தப் பக்கம் வந்திருக்கிறார். தலைப்பாகையை அவிழ்த்துப் போட்டு உன்னைத் தூக்கி எடுத்தார். மறுநாள் நீ, "நீ அனுப்புன தாத்தா ரொம்ப நல்லவருடி" என்றாய். நான் "ம்" என்றேன். அந்த ஒரு "ம்" பத்து வருஷமாக ஓடுகிறது. உன் கல்யாணத்தில் உன் வீட்டுக்காரரிடம்கூட, என்னைக் காப்பாற்றினவள் இவள்தான் என்று சொன்னாய். நான் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை வெயில் ஏறுவதற்குள் அங்கே போனேன். சின்ன வயசில் பெரிதாகத் தெரிந்திருக்கும், இப்போது ஒன்றுமே இருக்காது என்றுதான் நினைத்துப் போனேன். அப்படி இல்லை. நம் பாறை ஒரே வார்ப்பு, மேல் தோல் வெங்காயம் மாதிரி உரிந்து வழவழவென்று இருக்கிறது. நட் செருக ஒரு கீறல் கிடையாது. நீ நின்ற இடத்தில் இரண்டு கட்டைவிரல் வைக்கும் அளவுக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான். அதில் எவ்வளவு நேரம் நின்றாய் என்று நான் உன்னைக் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குள் வந்துவிடுவேன். கதவைத் திறக்க மனசில்லை என்றால் ஷூவை வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன், பிரித்துப் பார். இடது காலில் பெருவிரல் பக்கம் ரப்பர் தேய்ந்து தோல் தெரிகிறது, அதை ஒட்ட முடியுமா என்று சொல். திறந்தால் பிரியாணி என் காசு, கத்திரிக்காய் கூட ஒரு கரண்டி கேட்டு வாங்கலாம்.

ஒட்டடைக்குச்சி