ஏ படத்துக்குப் பிள்ளைகள உள்ள விடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நம்ம குமரி மாவட்டத்துல பெரிய ஹீரோ படம் ஏ சர்டிபிகேட்டோட ரிலீஸ் ஆச்சுன்னா நாகர்கோவில்லயும் சரி மார்த்தாண்டத்துலயும் சரி, பத்து வயசு பிள்ளையக் கையில பிடிச்சுட்டு குடும்பமா வந்து நிக்காங்க, கேட்ல நிக்கவரும் ஒண்ணும் மிண்டாம டிக்கெட்ட கிழிச்சு உள்ள விடுறாரு. கேட்டா, அம்மா அப்பா கூட இருக்காங்கல்லா, பின்ன என்னன்னு சொல்லுறாங்க.

பெத்தவங்க பார்த்து முடிவு பண்ணிக்கலாம்ங்கறது யுஏ படத்துக்கு. 2023ல சட்டத்த திருத்தி அந்த யுஏ-வயும் 7, 13, 16 வயசுன்னு மூணா பிரிச்சாச்சு, அது வீட்டுல உள்ளவங்களுக்கு வழிகாட்டி தான், தியேட்டர்காரர் அத வச்சு யாரையும் தடுக்க முடியாது. ஏ படம் அப்படி கிடையாது. 18 முடியாத பிள்ளைக்குக் காட்டவே கூடாது, யாரு கூட வந்தாலும். 1952 சினிமாட்டோகிராப் சட்டம் படி, மீறி காட்டுனா தியேட்டர்காரர் மேல நடவடிக்கை எடுக்கலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

போன்ல பாக்காத பிள்ளையான்னு சிலர் கேப்பாங்க. போன பிடுங்கி வைக்கது வீட்டுல உள்ளவங்க பொறுப்பு, லைசென்ஸ் வாங்கி காசு வாங்கி காட்டுற இடத்துக்கு சட்டம் இருக்கு. கழுத்த அறுக்குற சீனுக்கு ஊரே விசிலடிக்கும்போது நடுவுல ஒரு சின்னப்பிள்ள அம்மா சேலைக்குள்ள முகத்த புதைச்சு இருக்கத பாத்தா வயிறு எரியுது.

கேட்ல நிக்கவர மட்டும் குத்தம் சொல்லவும் மனசு வரல, குலசேகரத்துல இருந்தும் கொளச்சல்ல இருந்தும் பஸ் பிடிச்சு வந்த குடும்பத்த அந்த நேரத்துல திருப்பி அனுப்புனா சண்டை தான் வரும். அதனால டிக்கெட் எடுக்கும்போதே சொல்லணும். ஆன்லைன்ல 18 ஆச்சான்னு கேட்டு ஓகே அமுக்கினா முடிஞ்சு போச்சு, போஸ்டர்லயோ அந்த ஏ எழுத்து மூலையில தேடணும். கவுண்டர் முன்னால பெருசா போர்டு வைக்கணும், சந்தேகம்னா ஆதார் பாக்கணும், திருப்பி அனுப்புறவங்களுக்கு காச அப்பவே கொடுத்துரணும். லைசென்ஸ் கொடுக்குற கலெக்டர் ஆபீஸ்ல இருந்தும் போலீஸ்ல இருந்தும் ஏ படம் ரிலீஸ் ஆகுற மொத நாள்லயே வந்து பாக்கணும்னு கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை