நம்ம வீடு ஷூட்டிங்குக்கு
எல்லாருக்கும் வணக்கம், காரைக்குடில பூட்டியே கெடக்குற நம்ம பழைய வீட்ட சினிமா ஷூட்டிங்குக்கு விடலாம்னு இருக்கோம், பர்மா தேக்குத் தூணு, முற்றம், ஆத்தங்குடி டைல்ஸ் எல்லாம் அப்படியே இருக்கு, தெரிஞ்ச லொகேஷன் மேனேஜர் இருந்தா நம்பர் அனுப்புங்க.

போன தடவ வந்தவங்க ட்ராலி தண்டவாளத்த தரையில இழுத்து நாலு டைல்ஸ் கீறிப்போச்சு, அது கண்ணாடி மேல கலர் ஊத்தி கையால செய்றது, அதே டிசைன் தேடியே மூணு மாசம் அலைஞ்சேன். அதனால இந்தவாட்டி அக்ரிமெண்ட், அட்வான்ஸ் ரெண்டும் வந்தப்புறம்தான் சாவி. ஆணி அடிக்கக் கூடாது, ஜெனரேட்டர் வண்டி வெளிய தெருவுலதான், சாமி ரூம் பக்கமே வரக் கூடாது. பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட சொல்லிட்டேன், அவங்களுக்கு ஹீரோ யாருன்னு மட்டும் தெரியணுமாம் 😄